கெட்ட செய்தி முதலில் யாரிடம் வருகிறது?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 27, ஊர் கம்பம். கேரளாவில் வண்டன்மேடு பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. அவர் பொறுப்பில் 40 பேர். முக்கால்வாசிப் பேர் தினமும் ஜீப்பில் மலையேறி வந்து போகும் நம் பக்கத்துப் பெண்கள். மேனேஜர் மலையாளி. "வேலையைத் தெளிவாகத்தான் சொல்கிறேன். வாட்ஸ்அப் குரூப்பிலும் எழுதிப் போடுகிறேன். ஆனாலும் சொன்னபடி நடப்பதில்லை. ஏதாவது கெட்டுப்போனால் எல்லாருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது. பழகிப் பாருங்கள் என்கிறார்கள். வேலை இடத்தில் பேச்சு போய்ச் சேர்வதற்கு உறவு அவ்வளவு முக்கியமா? பழகினால் கண்டிப்பு போய்விடாதா?"

தம்பி, நீங்கள் ஒரு வரியைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். எல்லாருக்கும் தெரிந்த பிறகுதான் உங்களுக்குத் தெரிகிறது என்ற வரி. எனக்கு மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம். நாம் சொன்னது கீழே போய்ச் சேர்ந்ததா என்றுதான் எல்லா சூப்பர்வைசரும் பார்க்கிறோம். அது எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும், கூலி கொடுக்கிற இடத்துப் பேச்சு அல்லவா. கீழே இருப்பது மேலே வருகிறதா என்று பாருங்கள். அதிலும் நல்ல சேதி தானாக வந்துவிடும், கெட்ட சேதி வருகிறதா என்று பாருங்கள். அது வருவதற்குப் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தைச் சும்மா இருக்கிற நாட்களில் வைத்திருந்தால்தான் உண்டு. பெல்ட் தளர்ந்த ராத்திரியில் போய் உறவு கொண்டாட முடியாது.

பெல்ட் என்று சும்மா சொல்லவில்லை. என் கதையையே சொல்கிறேன்.

நெடுங்கண்டத்துக்கும் வண்டன்மேட்டுக்கும் நடுவே ஒரு தோட்டத்தில் அசிஸ்டென்டாகச் சேர்ந்தபோது எனக்கு 29 வயது. ஸ்டோரில் காய் உலர்த்துகிற பெரியவர் அங்கே 18 வருஷமாக இருந்தவர், கூடலூர்க்காரர். நான் சேர்ந்த இரண்டாவது வாரம், தட்டில் காயை இவ்வளவு கனமாகப் பரப்பினால் அடித்தட்டு கருகும், எனக்கு வாடையே சொல்லுது என்றார். பத்துப் பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் படித்த திமிர். "வாடையெல்லாம் வேண்டாம், தெர்மாமீட்டர் இருக்கு, அது சொல்லும்" என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஏலக்காய்ச் சங்கதி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பறித்த பச்சைக் காயை அதிக நேரம் போட்டு வைக்க முடியாது, உடனே உலர்த்தியாக வேண்டும். 45-லிருந்து 50 டிகிரிக்குள் சூட்டைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட ஒரு நாள் ஓட்ட வேண்டும். சூடு ஏறினால் காய் வெடிக்கும், பச்சை நிறம் போய் வெளிறிப் பழுப்பாகும். நிறம் போன காய்க்கு ஏலத்தில் மரியாதை கிடையாது. நாலரை, ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ. அதனால் ஒரு தட்டு கெட்டாலும் பல பேரின் ஒரு நாள் உழைப்பு கெட்டுப்போனதாக அர்த்தம்.

சேர்ந்து மூன்றாவது மாதம், ஒரு ராத்திரி. ஈரக் காற்றை வெளியே தள்ளுகிற விசிறியின் பெல்ட் தளர்ந்துவிட்டது. கதவுப் பக்கம் தொங்கின தெர்மாமீட்டர் 48 என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. அடித்தட்டுகளில் காய் கருகுகிறது. பெரியவருக்கு வாடை தெரிந்துவிட்டது. என் குவார்ட்டர்ஸ் அங்கிருந்து நூறு அடி. அவர் வந்து கதவைத் தட்டவில்லை. காலையில் பார்த்தால் 400 கிலோ பச்சைக் காயில் மூன்றில் ஒரு பங்கு பாழ். "ஏன் என்னை எழுப்பல?" என்று கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "தெர்மாமீட்டர் சரியாத்தானே இருந்துச்சு சார்."

அவர் பழி வாங்கினார் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒரு தடவை வாயைத் திறந்து பத்துப் பேர் முன்னால் அவமானப்பட்டவர், நடுராத்திரியில் வந்து, வாடையை நம்பி, துரையை எழுப்பி, ஒருவேளை ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால்? அந்த நூறு அடியை அவர் நடக்காமல் போனதற்கு நான் இரண்டாவது வாரம் பேசின ஒரு வாக்கியம் போதும்.

இதைப் பற்றி முறையாக ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். எமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைக் கணக்கெடுத்தார். நன்றாகப் பழகி ஒற்றுமையாக வேலை செய்கிற குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது, நல்ல குழுக்களில்தான் தவறு அதிகமாகப் பதிவாகியிருந்தது. தோண்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது, அந்தக் குழுக்களில் தவறைப் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள். மற்ற இடங்களில் மூடி வைத்தார்கள். ஆக, உங்கள் ரிப்போர்ட்டில் குறையே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். நான் மேனேஜராக இருந்த காலத்தில் ஒரு வாரம் முழுக்க யாரும் எதையும் குறை சொல்லவில்லை என்றால் எனக்குத் தூக்கம் வராது.

இன்னொன்று, இதைவிடப் பழசு. சிகாகோ பக்கத்தில் ஹாதார்ன் என்ற இடத்தில் டெலிபோன் சாமான்கள் செய்கிற பெரிய தொழிற்சாலை இருந்தது. 1924-லிருந்து 1932 வரை அங்கே நடந்த சோதனைகளில், வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் வேலை கூடியது என்ற கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அந்த முடிவு அவ்வளவு உறுதியானது இல்லை என்று பின்னால் வந்தவர்கள் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள், அதை விடுங்கள். எனக்குப் பிடித்தது அங்கே 1928-ல் தொடங்கின பேட்டித் திட்டம். சில ஆண்டுகளில் 20,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை உட்கார வைத்துப் பேசினார்கள். முதலில் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு கேட்டார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஆட்கள் வேறு எதையோ பேசினார்கள். பிறகு கேள்வித்தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவர்கள் பேசுகிறதைக் குறுக்கிடாமல் கேட்பது என்று முறையை மாற்றினார்கள். அப்போதுதான் விஷயம் வந்தது. நம் ஊரில் ஒரு பாட்டியிடம் "என்ன பிரச்சனை?" என்று நேரடியாகக் கேட்டுப் பாருங்கள், "ஒண்ணுமில்லப்பா" என்பார். வெற்றிலை போட்டு முடிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்தால் ஊர்க் கதை முழுக்க வரும். 20,000 பேரைப் பேட்டி எடுத்துத்தான் இது தெரிய வேண்டுமா என்று சிரித்திருக்கிறேன்.

சரி, உங்கள் தோட்டத்துக்கு வருவோம். உங்கள் ஆட்கள் எங்கே பேசிக்கொள்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற மஸ்டரில் இல்லை, காய் எடுக்கிற இடத்தில்கூடப் பாதிதான். ஜீப்பில். விடியும் முன்பே ஏறி, கம்பம்மெட்டோ போடிமெட்டோ குமுளியோ, எந்த மலைப்பாதையானாலும் ஒரு வண்டியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வருகிறார்கள். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. எந்த ஏலச் செடியில் தண்டு அழுகுகிறது, எந்தப் பாத்தியில் யார் பிஞ்சுக் காயையும் சேர்த்துப் பறித்தார்கள், எந்தத் தராசு இழுக்கிறது, பக்கத்துத் தோட்டத்தில் கூலி எவ்வளவு ஏறியது, எல்லாம் அங்கேதான் பேசி முடிவாகிறது. நீங்கள் பைக்கில் தனியாக வருகிறீர்கள். மஸ்டரில் நீங்கள் சொல்கிற ஐந்து நிமிஷப் பேச்சு, அவர்கள் முடித்துவிட்டு வந்த ஒன்றரை மணி நேரப் பேச்சின் வாலில் போய் ஒட்டுகிறது, அவ்வளவுதான்.

வாரத்தில் ஒரு நாளாவது அந்த ஜீப்பில் போங்கள். டிரைவர் பக்கத்து சீட் கேட்காதீர்கள், பின்னால் உட்காருங்கள். முதல் இரண்டு வாரம் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு வருவார்கள். அல்லது உங்கள் காதில் விழட்டும் என்றே சிலதைப் பேசுவார்கள். மூன்றாவது வாரம் யாராவது கொண்டைக்கடலை நீட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். ஜீப்பில் கேட்டதை மஸ்டரில் எடுத்துச் சொல்லிவிடாதீர்கள், அதோடு அந்தக் கதவு சாத்திவிடும்.

தூரமும் ஒரு காரணம். தாமஸ் ஆலன் என்ற எம்.ஐ.டி. பேராசிரியர் 1970-களில் என்ஜினீயர்கள் யாரோடு யார் பேசுகிறார்கள் என்று அளந்து பார்த்தார். இருக்கைகளுக்கு இடையே தூரம் கூடக்கூடப் பேச்சு மளமளவென்று குறைந்து, 50 மீட்டர் தாண்டினால் கிட்டத்தட்ட அற்றுப்போகிறது. நம் தோட்டங்களில் ஆபீஸ் மேட்டில் இருக்கும், ஸ்டோர் பள்ளத்தில் இருக்கும். மழைக்காலத்தில் அட்டைக்குப் பயந்து யாரும் இறங்க மாட்டார்கள். நான் மேனேஜரானதும் என் காலை டீயை ஸ்டோருக்கு மாற்றிக்கொண்டேன். வேறொன்றும் செய்யவில்லை, டீ குடிக்கிற இடத்தை மாற்றினேன். பெல்ட், விறகு, பூட்டு என்று எனக்குத் தெரியாமலிருந்த பாதி விஷயம் அந்தக் கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தது.

எல்லை என்பதால் நமக்கு மொழிச் சிக்கல் வேறு இருக்கிறது. தமிழும் மலையாளமும் அக்கா தங்கை, அதுதான் தொந்தரவே. இந்தியோ இங்கிலீஷோ என்றால் புரியவில்லை என்று புரியும். மலையாளம் புரிகிற மாதிரியே இருந்து ஆளைக் கவிழ்க்கும். வெள்ளம் என்றால் அவர்களுக்குத் தண்ணீர், பட்டி என்றால் நாய். இதெல்லாம் ஒரு வாரத்தில் சிரித்துப் பழகிவிடும். பழகாதவை வேறு.

ஒரு ஜனவரி மாதம், புதிதாக வந்த மலையாளி அசிஸ்டென்ட் ஒருவர், தாமதமாக வந்த அக்காவிடம் காரணம் கேட்டார். அந்த அக்கா "பனி ஜாஸ்தி சார்" என்றார். மலையில் பனி இறங்கி ரோடு தெரியவில்லை, ஜீப் ஊர்ந்து வந்தது. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். அந்தத் தம்பி நல்ல மனசுக்காரர், பதறிப்போய் "என்னா வீட்டில் போய்க்கோ" என்றார். காய்ச்சலோடு வேலை செய்ய வேண்டாம் என்ற அர்த்தத்தில். அக்கா காதில் விழுந்தது "வீட்டுக்குப் போ." ஐந்து நிமிஷம் தாமதத்துக்கு வேலையை விட்டே நிறுத்திவிட்டார்கள் என்று அழுதுகொண்டே போய்விட்டார். மறுநாள் அந்த ஜீப்பே வரவில்லை. இரண்டு பக்கமும் தெரிந்த கேண்டீன் சேச்சி ஒருவர் நடுவில் புகுந்து விளக்கினபோது எல்லாரும் சிரித்தோம், ஆனால் ஒரு நாள் எடுப்பு போனது போனதுதான்.

இதை வார்த்தைக் குழப்பம் என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அப்படி முடிக்க மனசில்லை. அந்த அக்காவுக்கு அவரிடம் பழக்கம் இருந்திருந்தால் "ஏன் சார் போகச் சொல்றீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டிருப்பார். அந்தத் தம்பிக்கு அக்காவைத் தெரிந்திருந்தால், நெற்றியைப் பார்த்தே இது காய்ச்சல் முகம் இல்லையே என்று யோசித்திருப்பார். திருப்பிக் கேட்க முடிகிற இடத்தில் எந்த வார்த்தையும் பெரிய சேதம் செய்யாது.

நீங்கள் மேனேஜரிடம் பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். நம் "நீங்கள்" வேறு, அவர்கள் "நிங்கள்" வேறு. நாம் மரியாதை என்று நினைத்து "நிங்கள்" போட்டால், பல மலையாளிகளுக்கு அது சமமானவரிடம் பேசுகிற பேச்சாகவே படும். பெரியவரிடமும் அதிகாரியிடமும் அவர்கள் அந்தச் சொல்லைத் தவிர்த்துவிட்டு "சார்" என்றே வாக்கியம் முழுக்க ஓட்டுவார்கள், "சார் எப்போ வரும்?" என்கிற மாதிரி. நான் ஒரு வருஷம் முழுக்க என் பெரிய மேனேஜரை "நிங்கள்" என்று கூப்பிட்டுவிட்டு, இவர் ஏன் என்னிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் "நோக்காம்." நம் "பார்க்கலாம்" போலத்தான். செய்கிறேன் என்றும் இருக்கும், வேண்டாம் என்றும் இருக்கும். எது என்பது முகத்தில் இருக்கும். வாட்ஸ்அப்பில் முகம் கிடையாது.

வாட்ஸ்அப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாளைக்கு எந்தப் பாத்தி, எத்தனை மணிக்கு மருந்தடிப்பு என்ற அளவில் அது நல்ல சாமான். உங்கள் ஆட்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காக வாய்ஸ் போடுங்கள். கட்டைவிரல் காட்டினால் புரிந்துவிட்டது, ஒப்புக்கொண்டாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், பார்த்தேன் என்று மட்டும்தான் அர்த்தம். குரூப்பில் ஒருவரைக் குறை சொல்வது மட்டும் கூடவே கூடாது. மஸ்டரில் திட்டினால் நாற்பது பேர் கேட்பார்கள். குரூப்பில் திட்டினால் அந்த அம்மாவின் மகனும் மருமகளும் சாயங்காலம் வீட்டில் படிப்பார்கள்.

2011 டிசம்பரை நீங்கள் சின்னப் பையனாக இருந்தபோது பார்த்திருப்பீர்கள். முல்லைப் பெரியாறு விவகாரம் முற்றி, எல்லைப் பாதைகள் அடைபட்டு, இந்தப் பக்கத்து ஆட்கள் மேலே போகாமல், மேலே தங்கியிருந்தவர்கள் பலர் பயந்து இறங்கி வந்த நாட்கள். காய் எடுக்கிற காலம். செடியில் காய் பழுத்து நிற்கிறது. அப்போது எந்தத் தோட்டத்து நோட்டீசும் எந்தச் சுற்றறிக்கையும் யாரையும் திருப்பிக் கொண்டுவரவில்லை. எங்கள் கணக்கப்பிள்ளை ஒருவர்தான் தினமும் சாயங்காலம் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, வீடு வீடாகப் போன் போட்டார். வேலைக்கு வா என்று ஒருவரிடம்கூடச் சொல்லவில்லை. "பத்திரமா இறங்கியாச்சா, சின்னவனுக்கு இருமல் எப்படி இருக்கு, உன் பாத்திரமெல்லாம் லயத்தில் பூட்டி வைத்திருக்கு, கவலைப்படாதே" என்று இதே பேச்சு. அவர் மலையாளி, சங்ஙனாச்சேரிக்காரர். சத்தம் அடங்கி ரோடு திறந்ததும் எங்கள் ஆட்கள்தான் அந்த வட்டாரத்தில் முதலில் மேலேறினார்கள். கம்பெனியை நம்பி வந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அந்த ஒரு குரலை நம்பி வந்தார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பழகினால் கண்டிப்பு போய்விடாதா?

இந்தப் பயம் நியாயமானது. பழக்கத்துக்குக் கெட்ட முகமும் உண்டு, அதை உறவு உறவு என்று பாடம் நடத்துகிறவர்கள் சொல்ல மாட்டார்கள். தேயிலைத் தோட்டங்களில் கங்காணி முறை எப்படி வளர்ந்தது? கங்காணி தன் ஊர், தன் சாதி, தன் சொந்தம் என்று ஆள் பிடித்து மலைக்குக் கூட்டி வந்தார். துரை பேச்சை ஆட்களுக்கும், ஆட்கள் பேச்சைத் துரைக்கும் கொண்டுபோகிற ஒரே பாலம் அவர்தான். உறவுக்குக் குறைச்சலே இல்லை, அந்த உறவையே கடனாகவும் கயிறாகவும் ஆக்கிவிட்டார். தனக்கு ஆகாத சேதி எதுவும் பாலத்தைத் தாண்டாது. இன்றைக்கும் ஒரு ஜீப்புக்கு ஒரு தலைவர் இருப்பார். அவர் ஒருவரை மட்டும் கையில் போட்டுக்கொண்டால் வேலை சுலபமாக ஓடும், உங்களுக்கு வருகிற சேதி எல்லாம் அவர் சலித்துக் கொடுத்ததாக இருக்கும்.

ஹாதார்னிலேயே இதற்கும் சாட்சி இருக்கிறது. 1931 நவம்பரில் தொடங்கி ஆறேழு மாதம், ஓர் அறையில் வயர் கட்டும் வேலை செய்த 14 ஆண்களைக் கவனித்தார்கள். அவர்களுக்குள் நல்ல ஒட்டுறவு. அந்த ஒட்டுறவே ஒரு நாளைக்கு இவ்வளவு வேலை போதும் என்று அளவு வைத்தது. அதைத் தாண்டி எவனாவது வேகமாகச் செய்தால் புஜத்தில் ஒரு குத்து விழும். மேலே போட்டுக்கொடுத்தவனுக்கு அங்கே இடமில்லை. ஆட்களுக்குள் உறவு கெட்டியாக இருந்து, உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே மட்டும் இல்லை என்றால் இதுதான் நடக்கும். உங்கள் தோட்டத்தில் இப்போது நடப்பதும் ஏறக்குறைய இதுதான் என்று நினைக்கிறேன்.

கண்டிப்பைப் பொறுத்தவரை என் அனுபவம் இது. ஆட்கள் கண்டிப்பை வெறுப்பதில்லை, ஆளுக்கு ஆள் மாறுகிற கண்டிப்பைத்தான் வெறுக்கிறார்கள். தராசு எல்லாருக்கும் ஒரே தராசாக இருக்கட்டும். பிஞ்சுக் காய் பறித்தால், உங்களுக்குக் கடலை கொடுத்த அக்காவாக இருந்தாலும் எடையில் சேர்க்காதீர்கள், ஆனால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கைமாற்று கொடுக்காதீர்கள், வாங்கவே வாங்காதீர்கள். கடன் வாங்கினவர் உங்கள் கண்ணில் படாமல் ஒளிவார், அப்புறம் சேதி எங்கே வரும்? கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போய் மொய் எழுதிவிட்டு வாருங்கள், சாப்பிடாமல் வராதீர்கள். கேதத்துக்குக் கூப்பிடாவிட்டாலும் போங்கள்.

அந்த ஸ்டோர்ப் பெரியவரோடு எனக்கு எப்படிச் சரியானது என்றால், அவர் அம்மா இறந்தபோது கூடலூருக்குப் போய் ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். ஒன்றும் பேசவில்லை. அதற்கப்புறம் அவர் முகம் கொடுத்தார். ஆனால் வாய் திறந்தது வேறு ஒரு நாள். "தெர்மாமீட்டர் எந்த இடத்தில் தொங்கினால் சரியாக இருக்கும்னு நீங்களே காட்டுங்க" என்று கேட்டேன். அவர் காட்டின இடத்தில், அடித்தட்டுக்குப் பக்கத்தில், எல்லாரும் பார்க்க நானே ஆணி அடித்து மாட்டினேன். துக்கத்தில் பங்கெடுத்ததைவிட அந்த ஆணிதான் அதிகம் வேலை செய்தது என்று எனக்குத் தோன்றும். சிலர் டீ வாங்கிக் கொடுப்பார்கள், பிறந்தநாளுக்கு கேக் வெட்டுவார்கள், ஆட்கள் சொன்னதை ஒரு தடவைகூடச் செய்து பார்க்க மாட்டார்கள். அந்த உறவு கேக்கோடு முடிந்துவிடும்.

சம்பளமும் சமாச்சாரமும் சரியில்லாத இடத்தில் சிரித்த முகம் எடுபடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்களே, பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை என்று பெயர் பெற்ற போராட்டம். போனஸ் 10 சதவீதமாகக் குறைந்ததில் தொடங்கியது, 20 சதவீதம் கேட்டார்கள். ஒன்பது நாள் நடந்தது. கம்பெனி மேல் கோபம் என்பது புதிதில்லை. தங்கள் சொந்தத் தொழிற்சங்கத் தலைவர்களையே அந்தப் பெண்கள் பக்கத்தில் வரவிடவில்லை, எனக்கு அதுதான் அன்றைக்குப் பெரிய அதிர்ச்சி. சங்கம் என்பதே கீழே உள்ள பேச்சு மேலே போவதற்காக வைத்த பாதை. வருஷக்கணக்காக அந்தப் பாதையில் மேலேயிருந்து கீழே மட்டும் பேச்சு வந்துகொண்டிருந்தால், ஒரு நாள் பேச்சு ரோட்டுக்கு வந்துவிடும். அந்தத் தலைவர்களும் எல்லாக் கல்யாணத்துக்கும் போய் மொய் எழுதினவர்கள்தான்.

தெளிவாகச் சொல்லியும் சொன்னபடி நடப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவில் ஒரு டெலிபோன் கம்பெனித் தலைவராக இருந்த செஸ்டர் பர்னார்ட் 1938-லேயே எழுதினார், உத்தரவின் அதிகாரம் அதைப் போடுகிறவரிடம் இல்லை, ஏற்கிறவரிடம் இருக்கிறது என்று. ஆளுக்கு அது புரிய வேண்டும், இந்த இடத்து நோக்கத்துக்குப் பொருந்துகிறது என்று தோன்ற வேண்டும், தனக்குக் கெடுதல் இல்லை என்று நம்ப வேண்டும், செய்ய உடம்பும் மனசும் இடம் கொடுக்க வேண்டும். இந்த நாலில் முதலாவதை மட்டும்தான் தெளிவாகப் பேசுவதால் சரிசெய்யலாம். மற்ற மூன்றும் அவர்களைத் தெரிந்திருந்தால்தான் தெரியும். மருந்தடிக்கிற பாத்திக்குப் போகச் சொன்னபோது ஒரு பெண் தயங்கினால், சோம்பேறித்தனமா, பால் குடிக்கிற பிள்ளை வீட்டில் இருக்கிறதா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

கெட்ட சேதியோடு யாராவது வந்தால் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள். "யார் செஞ்சது?" என்று கேட்டால் அடுத்த தடவை வரமாட்டார்கள். "எந்தத் தட்டு?" என்று கேட்டால் வருவார்கள். யார் என்பதை மறுநாள் கேட்டுக்கொள்ளலாம், எங்கும் ஓடிப்போக மாட்டார்கள்.

நான் ஓய்வு பெற்று கம்பத்துக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. போன எடுப்புக் காலத்தில் ஒரு ராத்திரி, பதினொன்றரை மணி இருக்கும், போன் அடித்தது. பெரியவர்தான். இப்போது மகன்தான் ஸ்டோரைப் பார்க்கிறான், இவர் துணைக்குப் போகிறார்.

"சார், விசிறிச் சத்தம் மாறுது. பெல்ட்டுன்னு நினைக்கேன்."

"நிறுத்திட்டு தட்டைக் கீழ இறக்குங்க" என்று சொல்லிவிட்டு, "அங்க இருக்கிற சாருக்குச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அவரு இன்னும் புதுசு சார்" என்றார்.